இந்திய மாதர் சங்கம்: விவாதம் சட்டமான வரலாறு

1917ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் அடையாற்றில் நம் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட் அம்மையார் முதல் தலைவராக அமர்ந்தார். மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகிய இருவரும் தொடக்கப் பணிகளை ஏற்று நடத்தினர். கசின்ஸ் அம்மையார் அயர்லாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடி, லண்டன் ஹாலோவே சிறையில் தண்டனை அனுபவித்தவர்.

பெண் கல்வி, குழந்தை மணம், வாக்குரிமை ஆகியவை சங்கக் கூட்டங்களில் விவாதிக்கப்பட்டன. நாலு பேர் முன்னிலையில் பேசிப் பழகாத பெண்கள் எழுந்து கருத்துரைத்தனர், தீர்மானம் நிறைவேற்றினர். அவர்களுடைய குரலை 'ஸ்திரீ தர்மம்' இதழ் வெளியூர்க் கிளைகளுக்கும் கொண்டு சென்றது.

அதே ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், சென்னைக்கு வந்திருந்த இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையில் மாதர் தூதுக்குழு சந்தித்து வாக்குரிமை கேட்டது. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு அக்கோரிக்கையை ஏற்கவில்லை. சங்கத்தார் மனம் தளரவில்லை. 1919இல் பெசன்ட் அம்மையாரும் சரோஜினி தேவியும் லண்டனில் பார்லிமெண்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். இறுதியில் முடிவு மாகாணச் சபைகளிடம் விடப்பட்டது. 1921இல் சென்னை மாகாணம் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது.

1926இல் நம் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே அதன் துணைத்தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் மேற்கொண்ட முயற்சியை மரபின் பெயரால் பலர் எதிர்த்தனர். அம்முறையிலிருந்து விலகி வந்தும் விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்த சிறுமியருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்து, 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் அவ்வாண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து, முத்துலட்சுமி அம்மையார் தாம் வகித்த சட்டசபைப் பதவியையும் அவ்வாண்டிலேயே துறந்தார். 1932இல் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசிய கசின்ஸ் அம்மையார் வேலூர்ச் சிறைக்குச் சென்றார்.

இருபது ஆண்டுக்கால வாதத்தின் பயனாக, 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

விடுதலைக்குப் பின் சங்கத்தின் கவனம் நோயுற்றோர் பக்கம் திரும்பியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி அம்மையாரின் அயரா உழைப்பால், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இன்றும் அதன் பெயரோடு நம் சங்கத்தின் பெயர் சேர்ந்தே வழங்குகிறது. மருத்துவமனை எழுந்த அதே ஆண்டில் கசின்ஸ் அம்மையாரும், 1968இல் முத்துலட்சுமி அம்மையாரும் மறைந்தனர்.

2017 மே மாதத்தோடு சங்கத்திற்கு நூறாண்டு நிறைந்தது. கூடிப் பேசுவது, தீர்மானம் இயற்றுவது, அது சட்டமாகும் வரை ஓயாதிருப்பது என்னும் நெறியை முன்னோர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். அந்நெறியை இளைய தலைமுறைப் பெண்களின் கையில் ஒப்படைப்பது, இம்மலரைப் படிக்கும் ஒவ்வோர் உறுப்பினரின் கடமை.