ஒப்பாரி என்னும் வழக்குரை

1990 அக்டோபர் 12, 13 ஆகிய இரண்டு இரவுகளில் நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்தில் டயமாண்டா கலாஸ் பாடினார். இடுப்புக்கு மேல் ஆடையில்லை. உடம்பெல்லாம் ரத்தம்போல் சிவப்பு. அந்தப் பதிவு 1991இல் ‘பிளேக் மாஸ்’ என்ற நேரடி இசைத்தொகுப்பாக வெளிவந்தது. முணுமுணுப்பு, வசை, ஆபராவின் உச்சக்குரல், தொண்டை கிழியும் அலறல் எல்லாம் அதில் உண்டு. இலக்கணம் மீறிய சோதனை இசை என்று அதைச் சொல்கிறார்கள். சாவு வீட்டு முற்றம் அறிந்த நம் காதுக்கு அது முற்றிலும் புதிதல்ல.

கலாஸ் அமெரிக்காவில் பிறந்த கிரேக்க வம்சாவளிப் பெண். நாடகக் கலைஞரான அவருடைய சகோதரர் 1986இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அந்நோயைக் கடவுளின் தண்டனை என்று பிரசங்கித்தவர்கள் அன்று பலர். 1989 டிசம்பரில் செயின்ட் பேட்ரிக் கத்தோலிக்கப் பேராலயத்தில் நடந்த போராட்டத்தில் கலாஸ் கைதானார். மறு ஆண்டு, வேறொரு சபையின் ஆலயத்தில், லேவியராகமத்தின் தீட்டுச் சட்டங்களையே பாடலாக்கினார். நோயாளிகளைத் தள்ளிவைத்த சொற்கள் அவர்கள் பக்கம் நின்ற குரலில் திரும்பி வந்தன. மாதவிலக்கைத் தீட்டென்று விதித்ததும் அதே நூல்தான்.

கிரேக்கத்தின் மானி பகுதியில் பெண்கள் பாடும் ஒப்பாரி, இறந்தவனுக்காக அழுவதோடு நிற்காது. கொன்றவனைப் பழிவாங்கவும் தூண்டும். ஒப்பாரிக்கு அதிகாரம் அஞ்சியது பழைய கதை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் சோலோன் பெண்களின் துக்கத்துக்குச் சட்டத்தால் வரம்பு கட்டினார். பிற்பாடு கிறிஸ்தவ ஆயர் ஜான் கிறிசோஸ்தம் கூலிக்கு அழும் பெண்களை அழைப்பதைக் கண்டித்தார்.

நமக்குக் கண்ணகி இருக்கிறாள். மதுரைத் தெருக்களில் அவள் அழுத அழுகை அரசவையில் வழக்காக மாறியது. அந்தக் காதைக்கே ‘வழக்குரை காதை’ என்றுதான் பெயர். பிறகு அவள் தன் மார்பைத் திருகி எறிந்தாள், ஊர் எரிந்தது.

மார்பு என்றதும் நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்குத் தோள்சீலைப் போராட்டம் நினைவுக்கு வரும். மேலாடை அணிந்ததற்காக அடிபட்ட நாடார் பெண்கள், 1859இல் திருவிதாங்கூர் அரசைப் பணியவைத்தார்கள். கலாஸ் ஆடையைக் களைந்தார், நம் பாட்டிகள் ஆடைக்காகப் போராடினார்கள். என் உடம்பைப் பற்றி நான் முடிவெடுப்பேன் என்ற சொல் இரண்டிலும் ஒன்றே.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் எழுந்த அழுகையும் வழக்குரைதான். கடலுக்குப் போனவர்களை ஏன் தேடவில்லை என்று அந்தக் குரல்கள் அரசைக் கேட்டன. டிசம்பர் 7 அன்று குழித்துறையில் மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்து ரயிலை மறித்தபோது, அந்தக் கேள்வி கடற்கரையைத் தாண்டி உள்நாட்டுக்கு வந்தது.

கலாஸின் அலறல் இசைத்தட்டாகி உலகெங்கும் போனது. நம் கடற்கரைப் பெண்களின் குரல் தொலைக்காட்சியில் சில நொடிகள் வந்து போனது. ஒப்பாரியைத் தொகுப்பவர்கள் பெரும்பாலும் வரிகளைத்தான் எழுதிவைக்கிறார்கள். விம்மலும் மூச்சிரைப்பும் இழுவையும் தாளில் ஏறுவதில்லை. இன்று எல்லார் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. பாடும் பெண்ணின் சம்மதத்தோடு, அவர் விரும்பினால் அவர் பெயரோடு, அந்தக் குரல்களைப் பதிவுசெய்யுங்கள். யாரை எதற்காகக் குற்றம் சாட்டிப் பாடினார் என்பதையும் சேர்த்தே குறித்துவையுங்கள்.