மல்லோரியின் சட்டைக் காலர்

1999 மே 1. எவரெஸ்டின் வடக்குச் சரிவில், சுமார் 8,155 மீட்டர் உயரத்தில், குப்புறக் கிடந்த ஓர் உடலை கான்ராட் ஆங்கர் என்ற அமெரிக்க மலையேறி கண்டுபிடித்தார். 1924-ல் காணாமல் போன இருவரில் இளையவரான இர்வின் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சட்டைக் காலரைத் திருப்பினால் "ஜி. மல்லோரி" என்று பெயர்த்துணி! இர்வின் ஏன் மல்லோரி சட்டையைப் போட்டிருக்கிறார் என்று ஒருவர் கேட்டாராம். அப்புறம்தான் உறைத்திருக்கிறது.

அந்த உடலில் இருந்த துணிகளைப் பாருங்கள். பருத்தியிலும் பட்டிலும் உள்ளாடைகள், மேலே ஃபிளானல் சட்டை, கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே கபர்டீன் கோட்டு. அவ்வளவுதான். பெர்னாட் ஷா அந்தக் கால எவரெஸ்ட் குழுப் படம் ஒன்றைப் பார்த்து, பிக்னிக் போன இடத்தில் பனியில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று கிண்டலடித்தார்.

ஆனால் கிண்டலடிக்கிற அளவுக்கு அது மோசமில்லை. குளிரைத் தடுப்பது துணியின் கனம் இல்லை, அடுக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் காற்று. கபர்டீன் என்பது தாமஸ் பர்பெரி 1888-ல் காப்புரிமை வாங்கிய துணி. நூலுக்கு முதலிலேயே நீர் ஒட்டாத பூச்சு கொடுத்து நெருக்கமாக நெய்வார்கள். காற்று உள்ளே புகாது, வியர்வை ஆவி வெளியே போகும். பட்டு இருப்பதால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், கை கால் வீசுவது சுலபம். 2006-ல் அதே துணிகளை அப்படியே மறுபடி தைத்து எவரெஸ்டில் போட்டுப் பார்த்தார் கிரஹாம் ஹாய்லண்ட். லேசாக, வசதியாகவே இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும் வரைதான். நடக்கிற உடம்பு தானே சூட்டை உண்டாக்குகிறது. நின்றால்? மல்லோரி காணாமல் போவதற்கு நான்கு நாள் முன்பு, 1924 ஜூன் 4 அன்று, நார்டன் ஆக்ஸிஜன் இல்லாமலே சுமார் 8,570 மீட்டர் வரை ஏறினார். அவரும் கம்பளி, ஃபிளானல், இரண்டு ஸ்வெட்டர், கபர்டீன் என்று அடுக்கியிருந்தார். வழியில் வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததற்கே உடம்பு உதறி, மலேரியா வருகிறதோ என்று சந்தேகப்பட்டார்! அந்த உயரத்தில் ஒரு ராத்திரி வெட்டவெளியில் தங்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

கொடுமை என்னவென்றால், இதற்கு விடை இரண்டு வருஷம் முன்பே கண்ணெதிரே இருந்தது. ஜார்ஜ் ஃபின்ச், ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியலாளர். 1922 பயணத்துக்கு பலூன் துணியில் ஈடர் வாத்தின் மெல்லிய தூவியைத் திணித்து ஒரு கோட்டு தைத்துக்கொண்டு வந்தார். கூட வந்த கனவான்கள் சிரித்தார்கள். குளிர் ஏற ஏற சிரிப்பு பொறாமையாக மாறியது. சுமார் 7,770 மீட்டரில் கூடாரத்தையே பிய்த்தெறியப் பார்த்த புயலில் மாட்டியும், ஃபின்ச்சும் ஜெஃப்ரி புரூஸும் ஆக்ஸிஜன் உதவியோடு மே 27 அன்று சுமார் 8,320 மீட்டரைத் தொட்டார்கள். அதுவரை மனிதன் ஏறாத உயரம்.

1924-ல் அந்த மனிதரைக் குழுவிலேயே சேர்க்கவில்லை. தான் எடுத்த படங்களை வைத்துச் சொற்பொழிவு நடத்துவது பற்றி எவரெஸ்ட் கமிட்டியோடு தகராறு. பேச்சும் பழக்கமும் அவர்கள் வட்டத்துக்கு ஒத்துவராததும் ஒரு காரணம். ஆளோடு சேர்த்து கோட்டையும் ஒதுக்கிவிட்டார்கள் போல! அந்தக் கோட்டு இருந்தால் மல்லோரி பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது, அவர் கயிறு கட்டிய நிலையில் விழுந்து அடிபட்டவர். ஆனால் இருட்டினால் நின்று விடியும்வரை காத்திருக்கலாம் என்ற வழி அவருக்கு இல்லவே இல்லை.

1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றபோது, காற்றுத் தடுப்பு உடைக்கு உள்ளே தூவி அடைத்த உடைதான் இருந்தது. ஃபின்ச் அப்போது இந்தியாவில்தான் இருந்தார், புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக.