சேற்று டயர் (மலைச் சைக்கிள்)

மலைத் தடங்களிலும் காட்டுப் பாதைகளிலும் ஓட்டுவதற்கென்று அமைந்த சைக்கிளுக்கு, குளிர்காலத்தில் ஊறிக் குழைந்து கிடக்கும் நிலத்திலும் பிடிமானம் உண்டாகும்பொருட்டு, உயரமாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் நிற்கும் ரப்பர்ப் பட்டன்களோடு செய்யப்படும் டயர் சேற்று டயர் எனப்படும். குளிர்காலத்தில் நிலம் உறைந்து இறுகுவதைக் காட்டிலும் ஈரம் வற்றாமல் நிற்பதே மிகுதியாகவுள்ள பிரிட்டனில் இதன் தேவை அதிகம். அங்குள்ள நிலத்தையும், டயருக்கென்று பெருந்தொகை செலவிட இயலாத ஓட்டுநரையும் முன்னிறுத்தியே இதன் விவரம் இங்குத் தரப்படுகிறது.

வரலாறு: காற்றடைத்த டயரின் உண்மையான கர்த்தா ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்ஸனே ஆவார். ரப்பரூட்டிய துணிக்குழலைத் தோலால் மூடிக் குதிரை வண்டிகளுக்கென்று அவர் செய்த சக்கரம் 1845-இல் உரிமைப் பத்திரம் பெற்றது எனினும், சைக்கிள் இன்னும் ஜனங்களிடையே பரவாத காலமாதலால், அது விரைவில் மறக்கப்பட்டது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் புதல்வனின் மூன்று சக்கர வண்டிக்காக 1887-இல் அதே யுக்தியைத் தாமாகவே கண்டடைந்து மறு வருஷம் உரிமையும் பெற்றாராயினும், தாம்ஸனின் பழைய பத்திரம் வெளிப்பட்டபோது அவ்வுரிமை செல்லாததாயிற்று. 1889-இல் பெல்பாஸ்ட் பந்தயங்களில் வில்லியம் ஹ்யூம் காற்று டயருடன் ஓட்டி வெற்றி பெற்ற பின்னர்க் கெட்டி ரப்பர் டயரின் காலம் முடிவை நோக்கிச் சென்றது. டயரின் விளிம்பிலே எஃகுக் கம்பியைப் பொதிந்து சக்கர வளையத்தில் பிடிக்கச் செய்யும் முறையைச் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் 1890-இல் வகுத்தார். இன்றும் மலிவு விலை டயர்களைத் தாங்கி நிற்பது அம்முறையே.

ரப்பரின் கதையில் தமிழருக்கும் பங்குண்டு. ஹென்றி விக்கம் என்பவர் 1876-இல் பிரேஸில் தேசத்திலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொணர்ந்ததும், அங்கு முளைத்த நாற்றுகள் அவ்வருஷமே இலங்கைக்கு அனுப்பப்பட்டதும், பின்னர் மலேயாவில் காடழித்து எழுந்த தோட்டங்களில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பால்வெட்டி உழைத்ததும், சைக்கிள் டயர் சாமானியருக்கு எட்டும் பொருளாக ஆனதற்கு முக்கிய காரணங்களாகும். டயரின் வரலாறுகள் பலவும் கர்த்தாக்களின் பெயர்களைப் பேசுமளவுக்கு இவ்வுழைப்பைப் பேசாதது நியாயமன்று.

சேற்றில் சைக்கிள் ஓட்டுவதைப் போட்டியாக வளர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சைக்ளோகிராஸ் என்னும் அவ்விளையாட்டில் பிரான்ஸின் தேசியப் போட்டி 1902-இலும், உலகப் போட்டி 1950-இல் பாரீஸிலும் தொடங்கின. உழவு நிலத்தையொத்த தளத்தில் நிகழும் இப்போட்டிகளில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கத்தின் இக்கால விதி. பிரிட்டனில் கரடுமுரடான பாதைகளில் சைக்கிளோடு செல்ல விரும்பியோர் 1955-இல் லெம்ஸ்டர் என்ற ஊரில் கூடி ‘ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்’ என்ற சங்கத்தை நிறுவினர். 1968-ஆம் வருஷச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் செல்ல அனுமதி அளித்தது.

மலைச் சைக்கிள் பிறந்ததோ முற்றிலும் வேறான சீதோஷ்ணத்தில். கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்தில், 1976 அக்டோபரில் தொடங்கிய ‘ரீபேக்’ இறக்கப் பந்தயங்களில், ஷ்வின் கம்பெனி 1933-இல் அறிமுகப்படுத்திய 2.125 அங்குலப் பருமன் டயர் மரபில் வந்த பழைய சைக்கிள்களே ஓடின. ஜோ பிரீஸ், டாம் ரிச்சி, கேரி ஃபிஷர் முதலானோர் அவற்றினின்று புதிய வாகனத்தை உருவாக்கினர். 1981-இல் விற்பனைக்கு வந்த ஸ்டம்ப்ஜம்ப்பர் என்னும் மலைச் சைக்கிள் அதைப் பலருடைய கைக்கும் கொண்டு சேர்த்தது. மழையற்ற கோடையின் புழுதிக்கும் சரளைக்கும் ஏற்ற நெருக்கமான பட்டன்களைக் கொண்ட டயர், பிரிட்டனின் டிசம்பர் மாதத்துக் களிமண்ணில் அரை மைல் செல்வதற்குள் சேறு அப்பி வழுவழுப்பாகிவிடும். இந்தப் பொருத்தமின்மையை நிவர்த்திக்கவே சேற்று டயர் தோன்றியது.

நிலமும் சேறும்: எந்தச் சேறு என்று கேளாமல் எந்த டயர் என்று கேட்பது பிரயோஜனமற்றது. தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்ட் பிரதேசத்துக் களிமண் நுண்துகள்களாலானது. ஜலத்தை விடாமல் பிடித்துக்கொள்வதோடு, பாதி உலர்ந்த நிலையில் சக்கரத்தின்மீது அடுக்கடுக்காக ஏறி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்து வண்டியையே நிறுத்திவிடும். சவுத் டவுன்ஸ் குன்றுகளின் சுண்ணப்பாறை நனைந்தால் சோப்புக் கட்டியைப் போல வழுக்கும். சில்டர்ன் குன்றுகளிலோ களிமண்ணோடு கூரிய சக்கிமுக்கிக் கற்களும் கலந்திருத்தலால் டயரின் பக்கச்சுவர் கிழிபடும் அபாயம் உண்டு. சர்ரேயின் மணற்பாங்கான குன்றுகளில் நீர் விரைவில் வடிந்துவிடும். அங்குச் சேற்று டயர் வாங்குவது வீண் செலவு.

தேர்ந்தெடுத்தல்: அகல டயர் மென்மையான நிலத்தில் புதையாமல் மிதக்கும் என்பாரும் உளர். எனினும், மேற்சேற்றைக் கீறிச்சென்று அடியிலுள்ள கெட்டித் தளத்தைத் தொடுவதும், சட்டத்துக்கும் தனக்கும் இடையே சேறு வழிந்துபோக இடம் விடுவதும் 1.8 முதல் 2.1 அங்குலம் வரையுள்ள ஒடுங்கிய டயரே என்பதால், களிமண் பிரதேசத்தில் அதுவே சிலாக்கியமானது. பட்டன்களிடையே போதிய இடைவெளி இருந்தால்தான் சக்கரம் சுழலும் வேகத்திலேயே சேறு சிதறி விழும். ஜப்பானிய பானரேஸரின் டிரெயில்ரேக்கர் பிரிட்டிஷ் ஓட்டுநரிடையே நற்பெயர் பெற்றது இக்குணங்களால்தான். மாக்ஸிஸ் பீவர், பான்ட்ரேகர் மட் எக்ஸ் ஆகியவையும் இவ்வினத்தனவே.

ஆனால் நனைந்த மரவேர்களின்மேலும் பாறைகளின்மேலும் உயர்ந்த பட்டன்கள் வளைந்து நழுவும். அங்குக் காப்பது ரப்பரின் மென்மையேயன்றிப் பட்டனின் உயரமன்று. ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் அளவில் 60 என்பது நெடுநாள் உழைக்கும் கெட்டி ரப்பர். 42 என்பது நன்கு பற்றினும் சீக்கிரம் தேய்ந்துபோவது. தார்ச்சாலை வழியே காட்டுக்குச் செல்வோர் மிக மென்மையானதை வாங்கினால் ஒரு குளிர்காலத்திலேயே பட்டன்களை இழப்பர்.

செலவைக் குறைக்க விரும்புவோர் மடக்கக்கூடிய இழைவிளிம்பு டயரை விடுத்து, கம்பி விளிம்புள்ளதை வாங்கலாம். எடை சிறிது கூடும், பிடிமானம் குறையாது. இரண்டு டயர் வாங்கப் பணமில்லாதவர் ஒன்றை மட்டும் வாங்கி முன்சக்கரத்தில் பூட்டுவதே முறை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் வீழ்ச்சி நிச்சயம். மறு வருஷம் புதியதை முன்னே பூட்டி, தேய்ந்ததைப் பின்னே மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய டயரில் அளவுக்கு மிஞ்சிக் காற்றடிப்பது அதன் குணத்தையே கெடுத்துவிடும். டியூபுடன் ஓட்டுவோர் தம் எடைக்கேற்பச் சதுர அங்குலத்துக்கு 25 முதல் 35 பவுண்டு வரை வைத்துக்கொள்வது சாதாரணமாகப் போதுமானது. அதற்கும் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

தற்காலத்தில் டியூபில்லா முறையும், 27.5, 29 அங்குலச் சக்கரங்களும், மாக்ஸிஸ் ஷார்ட்டி, ஷ்வால்பே மேஜிக் மேரி போன்ற அகன்ற டயர்களும் வழக்கிலுள்ளன. பழைய 26 அங்குலச் சக்கரமுடையோர், டயரின் பக்கச்சுவரில் 559 என்ற எண் இருப்பதைப் பார்த்த பின்னரே வாங்குக. 584, 622 என்னும் எண்களுடையவை அவர்களது ரிம்முக்குப் பொருந்தா.