தன்னை மறந்த பயணிகள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் சாலைகளிலும் ரயில் நிலையங்களிலும், தாம் எப்படி அங்கு வந்தோம் என்பதையே சொல்ல இயலாத ஆண்கள் சிலர் பிடிபட்டனர். அடையாளத் தாளற்ற நாடோடிகளாகச் சிறைப்பட நேர்ந்த இவர்களை நோயாளிகளாகக் காணும் பார்வை போர்தோ நகரில் உருவாயிற்று. அங்கு எரிவாயுக் குழாய் பொருத்தும் தொழிலாளியான ஆல்பெர் தாதா, வேலையையும் வீட்டையும் விட்டுத் திடீரெனக் கிளம்பி மாஸ்கோ வரை சென்றவர்; விழித்திருக்கையில் நினைவுக்கு வராத அப்பயணங்களை மனவசிய உறக்கத்தில் அவர் விவரித்ததை, 1886இல் அவரைச் சந்தித்த மருத்துவ மாணவர் பிலிப் திஸ்ஸியே மறு ஆண்டே தம் மருத்துவ ஆய்வேட்டில் பதிவுசெய்தார். தன்னிலை மறந்து அலையும் இந்நோய் 'ஃப்யூக்', அதாவது தப்பியோட்டம், எனப்பட்டது. கட்டாய ராணுவ சேவை நிலவிய அந்நாட்டில், படையை விட்டு அகன்றவர் குற்றவாளியா நோயாளியா என்ற வழக்குகளில் இந்நோயறிதல் சிலரைத் தண்டனையினின்று காக்க உதவியது; அதன் மெய்யான பெருமை இதுவே. 1909க்குப் பின் பிரெஞ்சு மருத்துவத்தில் இந்நோயறிதல் அருகிப்போயிற்று.