அவள்மேல் சுமத்தப்பட்ட சொல்

பிள்ளைப்பேறு தாமதித்தால் பெண்ணையே ‘மலடி’ என்று பழித்தது உலகம். பாலூட்டிகளின் கருமுட்டையைக் கார்ல் வான் பேயர் கண்டறிந்ததோ 1827இல்தான். தீர்ப்பு அதற்கு வெகுமுன்னரே எழுதப்பட்டுவிட்டது. கருக்குழாய் அடைபட்டு ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த இங்கிலாந்தின் லெஸ்லி பிரவுன், 1978 ஜூலை 25 அன்று உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பெற்றெடுத்தார்.

ஆயினும், வயது ஏறுகையில் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைவதை அம்முறையும் முற்றிலும் ஈடுசெய்வதில்லை. ஆகவே, 35 வயதைக் கடந்தோர் ஆறு மாதங்கள் முயன்றும் கருத்தரிக்காவிடில், கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரை நாடுவார்களாக. காரணம் ஆணிடத்திலும் இருக்கக்கூடும்.

அன்னாளின் கண்ணீரை அறிந்த சபையார், பெனின்னாளின் நாவைக் கொண்டிராதிருப்போமாக.