சாயங்காலக் கணக்குப்பிள்ளைகள்

மதுரை கீழமாசி வீதியின் பெரிய மளிகை மண்டிகளுக்கு நிரந்தரக் கணக்குப்பிள்ளை இருந்தார். மேசைப்பெட்டியைத் திறந்துவைத்து, கடை கட்டும்வரை எழுதிக்கொண்டிருப்பார். அந்த மண்டிகளில் சரக்கெடுத்து விற்ற சின்னக் கடைகளுக்கு அப்படி ஒருவரை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. அவர்களிடம் இருந்தது ஒரு சிட்டை: பெயர், தேதி, தொகை, பாக்கி வந்ததும் குறுக்கே ஒரு கோடு. மீதிக் கணக்கெல்லாம் முதலாளியின் மனசுக்குள்.

சிட்டையைப் பேரேடாக மாற்றவைத்தது வரி. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளாலும் சாராயத்தாலும் வந்த வருவாய் போயிற்று. அதை ஈடுகட்ட 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் கீழே என்றால் வரி இல்லை. ஆனால் அதற்குக் கீழேதான் விற்றேன் என்று காட்ட எழுத்து வேண்டுமே! 1959-ல் வந்த சட்டத்திலும் அதே நிலைதான். பல சரக்குகளுக்கு மாநிலத்துக்குள் முதல் விற்பனையில் மட்டும் வரி. வாங்கி விற்கும் சில்லறைக் கடைக்காரர், இது ஏற்கெனவே வரி கட்டிய சரக்கு என்று நிரூபிக்கக் கொள்முதல் பில்களைக் கோத்து வைத்திருக்க வேண்டும். வரி கட்ட வேண்டியிராத கடைக்காரருக்கும் கணக்கர் அவசியமானது இப்படித்தான். வரி வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சின்னக் கடைகளை எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய குறை.

இந்தத் தேவைக்கு வந்து சேர்ந்தவர்கள் பகுதிநேரக் கணக்கர்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். பகலில் ஒரு மில் அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் சைக்கிளை எடுத்தால் முதலில் ஒரு பாத்திரக்கடை, அடுத்து ஒரு இரும்புக்கடை, கடைசியாக ஒரு மளிகைக்கடை. கல்லூரிப் பக்கம் போனதில்லை; அக்கவுண்டன்சி லோயர், ஹையர் என்ற அரசுத் தேர்வுகள்தான் அவருடைய படிப்பு. பில் கட்டைப் பிரித்து நாள்வழியில் ஏற்றி, பேரேட்டில் பதிந்து, மாதக் கடைசியில் வரவையும் பற்றையும் நேர்செய்து பார்ப்பார்.

நேராகாத நாளில்தான் அவர் திறமை தெரியும். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 540 என்பதை 450 என்று எழுதினால் 90 உதைக்கும். வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகையைத் தேடிப் போனால், வரவில் வரவேண்டியது பற்றில் விழுந்திருப்பது தெரியும். மார்ச் முடிந்ததும் பேரேடுகள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். அவர் தொகையை வாசிக்க, நான் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவேன். ஆனால் மேலட்டையில் ஒட்டியிருக்கும் கடைப்பெயரைப் பழுப்புத்தாளால் மூடிவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார்.

ஒரே வீதியில் எதிரெதிரே இருந்த இரண்டு பாத்திரக்கடைகளுக்கும் ஒரு காலத்தில் அவரே எழுதினார். யாருக்கு எவ்வளவு வட்டி ஏறுகிறது, யாருடைய லாபம் தேய்கிறது என்று இரண்டு பக்கமும் அவருக்குத் தெரியும். கல்லாச் சாவியை மைத்துனரிடம் கொடுக்கத் தயங்கிய முதலாளிகள் பேரேட்டை இந்த வெளியாளிடம் கொடுத்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மைத்துனருக்குப் பங்கு கேட்கும் உரிமை உண்டு. கணக்கருக்கு அது கிடையாது. ஒரு கடையின் சேதி வெளியே போனால் வீதி முழுக்கக் கதவை அடைத்துவிடும். பல கடைகளுக்கு எழுதியதே அவர் வாய்க்குப் பூட்டாக இருந்தது.

வெளிமாநிலச் சரக்குக்குச் சலுகை வரி வேண்டுமென்றால் சி ஃபாரம்; அதை வாங்க வணிகவரி அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதும் இந்தக் கணக்கர்கள் தலையில் விழுந்தது. 1984-ல் வருமான வரிச் சட்டத்தில் 44ஏபி பிரிவு சேர்ந்தது. 40 லட்சத்துக்கு மேல் விற்ற வியாபாரிக்குப் பட்டயக் கணக்காளரின் தணிக்கை கட்டாயமானது. கையெழுத்து ஆடிட்டருடையது, எழுத்து பழைய கணக்கருடையது. பின்னால் பெங்களூரில் உருவான டேலி வந்து, கூட்டலைத் தானே பார்த்துக்கொண்டது. 2007 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் வாட், 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி.

நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். பில்லைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். வீட்டு அறையில் இருந்தே ரிட்டர்ன் போட்டுவிடுகிறேன். நான் கணக்கெழுதும் சில கடைகளின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. இது எனக்கு உறுத்துகிறது. அப்பா கடைக்குள் நுழைந்ததும் மூட்டைகளைப் பார்ப்பார். "என்ன அண்ணாச்சி, போன மாசத்துப் பருப்பு அப்படியே நிக்குது?" என்பார். அந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம் என்று 2021 ஜனவரி முதல் வசதி வந்திருக்கிறது. அதில் மிச்சமாகும் நேரத்தில் கடைகளுக்கு நேரில் போகிறேன். முதலாளியோடு உட்கார்ந்து பாக்கிப் பட்டியலைப் பெயர் பெயராகப் படித்து, யாரிடம் கேட்பது, யாருக்குக் கடனை நிறுத்துவது என்று பேசி முடிவெடுக்கிறோம். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கிறார்கள்.