ஒரு சீட்டு, ஒரு கப்பல்: உரிமம் பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை



பழவேற்காட்டில் வாழும் தந்தை ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஹஜ்ரத், மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். அதையே மகனுடைய கணினியிலும் போட்டுக்கொண்டால் குற்றமா? நான் வாங்கியது என் பொருள்தானே?”

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. எங்கள் மதரஸாவுக்கென வாங்கிய எழுத்துருத் தொகுப்பு ஒன்றை என் வீட்டுக் கணினியிலும் பதிந்து வைத்திருந்தவன் நான். ஆகவே, உரிமம் என்பதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தேன். அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் கடற்கரையிலேயே கிடக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் பழவேற்காடு விஜயநகரப் பேரரசின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. இங்கிருந்து துணிவகைகள் மலாக்காவுக்குச் சென்றன. அக்காலத்தில் போர்த்துக்கீசியர் இந்தியப் பெருங்கடலில் செல்லும் கப்பல்கள் தம்மிடம் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று வற்புறுத்தினர். அச்சீட்டின் பெயர் ‘கார்த்தாஸ்’. தாள் என்று பொருள்படும் ‘கிர்தாஸ்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பர். குர்ஆனின் அல்-அன்ஆம் அத்தியாயத்தில் நாம் ஓதும் சொல்தான் அது. கப்பலின் பெயர், தலைவன், சரக்கு, சேருமிடம் ஆகியவை அதில் எழுதப்பட்டன. ஒரு கப்பலுக்குப் பெற்ற சீட்டு மற்றொரு கப்பலைக் காக்காது. சீட்டின்றிச் சென்ற கப்பல் பறிக்கப்படலாம். 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரரும் பின்னர்ச் சீட்டு வழங்கும் வழக்கத்தைத் தொடர்ந்தனர்.

இது வலியவன் விதித்த உரிமம். கடல் அல்லாஹ்வின் படைப்பு. அதில் செல்ல இவர்களிடம் விலை கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இதில் மனமொப்பிய ஒப்பந்தம் ஏது?

அதே ஊரின் ஏரியில் வேறொரு முறை உண்டு. மீனவக் கிராமங்கள் அதனைப் ‘பாடு’ என்பர். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் எவர், எவ்விடத்தில், எந்நாளில் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். பாட்டில் பங்குள்ளவருக்கு ஏரி சொந்தமன்று. தம் முறை நாளில் அவ்விடத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே சொந்தம். ஒரு முறையைக் காட்டி ஈரிடத்தில் வலை கட்டினால், அது பிறர் முறையைக் கவர்வதாகும்.

மென்பொருளும் இவ்வாறே. நாம் விலை கொடுப்பது பெரும்பாலும் பொருளுக்கன்று, பயன்பாட்டுக்கு. பிக்ஹு நூல்களின் சொல்லில், இது விற்பனையைவிட ‘இஜாரா’வுக்கு, அதாவது பயனை வாடகைக்குப் பெறுவதற்கு, நெருக்கமானது.

கணினி வீட்டுக்குள் நுழைந்த காலத்திலேயே இவ்வழக்கு தொடங்கிவிட்டது. 1976இல் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு வெளிப்படையான கடிதம் ஒன்றை எழுதி, தம் மென்பொருளைப் பலர் விலை கொடாமல் படியெடுத்துப் பயன்படுத்துவதாகக் குறைபட்டார். 1980களில் போர்லாண்ட் நிறுவனம் இணக்கமான வழி ஒன்றைக் கண்டது. மென்பொருளை ஒரு புத்தகம்போல் கருதுங்கள் என்றது. எத்தனை கணினிகளுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஈரிடத்தில் பயன்படுத்தலாகாது. இன்றோ, ஒரே கருவிக்குரியவை, ஒருவரின் பல கருவிகளுக்குரியவை, குடும்பம் முழுமைக்கும் உரியவை எனப் பல வகை உரிமங்கள் விற்கின்றன.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணினி நிரல்களையும் தழுவிக்கொண்டது. முறையாகப் பெற்றவர் காப்புப் படி எடுத்துக்கொள்ள அது இடமளிக்கிறது. திருட்டுப் படி என அறிந்தே பயன்படுத்துவோர்க்கு 63பி பிரிவு தண்டனை விதிக்கிறது. வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தியிருந்தால் சிறைத்தண்டனையின்றி அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு.

மார்க்க அறிஞர்களோ, கையில் பிடிக்க முடியாத இவ்வுரிமையை ‘மால்’ எனக் கருதலாமா என்று நெடுங்காலம் விவாதித்தனர். துணைக்கண்ட உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகிய உரிமைகள் மதிப்புடைய செல்வமே என்றும், அவற்றை மீறலாகாது என்றும் தீர்மானித்தது. இதற்கு அடிப்படை நாம் அறிந்ததே. அல்-மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் ஒப்பந்தங்களை நிறைவேற்றப் பணிக்கிறது. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழி திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது.

“படியெடுத்தால் எவர் பொருளும் குறைவதில்லையே, ஏரி மீனைப் போலன்றே” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் உழைத்தவரின் கூலி குறைகிறது. நாம் கொடுத்த வாக்கும் குறைகிறது. “விலை அநியாயம்” என்றும் சொல்லலாம். கார்த்தாஸை மறுத்த வணிகனுக்குக் கடலில் வேறு வழி இல்லை. நமக்கோ வழி இருக்கிறது. லிப்ரே ஆபிஸ், லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை ஆக்கியோர், எவரும் எத்தனை கணினியிலும் பயன்படுத்தலாம் என்று விட்டுச்சென்றுள்ளனர். வக்ஃபுக் கிணற்றில் நீர் இறைப்பதுபோல, அங்கே எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. வேறு வழி இருக்க, “சம்மதம்” என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் பின் அதனை மீறுவதற்கு என்ன நியாயம் சொல்வோம்?

அத்தந்தையும் நானும் அமர்ந்து அந்த உரிமத்தின் வாசகத்தைப் படித்தோம். ஒரு கணினிக்கு மட்டும் என்றே இருந்தது. மகனின் கணினிக்கு லிப்ரே ஆபிஸ் போதுமானதாயிற்று. அன்றிரவு என் வீட்டுக் கணினியிலிருந்து அந்த எழுத்துருத் தொகுப்பை நானும் நீக்கினேன்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகளோடு அமர்ந்து அவ்வாசகத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டாம் கணினிக்கு அனுமதி இருந்தால் மகிழ்ச்சியோடு பயன்படுத்துங்கள். இல்லையெனில், வாக்குத் தவறாமை என்னும் பாடத்தை அவர்கள் கற்பதற்கு அதனினும் எளிய வாய்ப்பு கிடைப்பது அரிது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.